உங்கள் கடையில் ஓடுவதையே எங்கள் வீட்டுக்கும் கொடுங்கள்

கொளத்தூர் வண்ணமீன் கடை அண்ணன்மார், தம்பிமார், கல்லாவில் இருக்கும் அக்காமார் அனைவருக்கும்:

நான் உங்கள் வாடிக்கையாளன். செங்குன்றம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, உங்கள் சந்துகளில் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்துவிட்டு, கையில் தண்ணீர்ப் பையோடு வீடு திரும்புகிற கூட்டத்தில் ஒருவன். எங்கள் குடியிருப்பில் மீன் தொட்டி வைத்திருக்கும் ஆள் என்று பெயர் விழுந்துவிட்டதால், யார் வீட்டு மீன் செத்து மிதந்தாலும் என் வீட்டு மணிதான் அடிக்கும். மீனைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே நான் கேட்டுவிடுவேன்: "தொட்டி எப்போ வாங்குனீங்க?" "போன ஞாயிறு." "மீன்?" "அன்னிக்கேதான். கடைக்காரரே எல்லாம் செட் பண்ணிக் குடுத்தாரு."

அந்த "எல்லாம்" பற்றித்தான் இந்த மடல்.

அதில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டடித் தொட்டி, ஒரு டாப் பில்டர், வெள்ளைப் பஞ்சு, ஒரு பொட்டலம் கரி, ஒரு பொட்டலம் செராமிக் ரிங், கலர் கல், பிளாஸ்டிக் செடி, ஆன்டி குளோரின், நீல மருந்து, பத்துப் பன்னிரண்டு மீன். செராமிக் ரிங்கைக் கையில் எடுத்துக் காட்டி, "இது பயோ மீடியா சார், இதைப் போட்டா மீன் சாகாது" என்று சொல்லியிருப்பீர்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நீங்கள் சொல்லாமல் விட்டதால், அடுத்த ஞாயிறு வருவதற்குள் பாதி மீன் போய்விடுகிறது. பிறகு அவர்கள் உங்களிடமே வந்து மருந்து வாங்குகிறார்கள். இன்னும் நாலு மீனும் வாங்குகிறார்கள். மூன்றாவது முறை வருவதில்லை. தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது.

கொஞ்சம் உங்கள் கடையின் பின்பக்கத்துக்கு வாருங்கள். அடுக்கடுக்காகத் தொட்டிகள். ஒரு மூலையில் புளோவர் இரைந்துகொண்டிருக்கும். அதிலிருந்து குழாய் கிளை கிளையாகப் பிரிந்து தொட்டிக்கு ஒரு சின்ன வால்வு. அந்தக் குழாயின் நுனியில் என்ன இருக்கிறது? கறுப்பு ஸ்பாஞ்ச். தொட்டால் விரல் வழுக்கும். பழுப்பேறி, ஓரம் பிய்ந்து, எந்த வருஷம் வாங்கியது என்று உங்களுக்கே நினைவில்லாத ஸ்பாஞ்ச். உள்ளே செராமிக் ரிங் கிடையாது, இறக்குமதி மீடியா கிடையாது. கப்பியும் மோலியும் நெருக்கியடித்துக் கிடக்கும் தொட்டியை அந்த ஒரு துண்டும் காற்றும்தான் தாங்குகின்றன. நீங்கள் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருப்பதும் எனக்குத் தெரியும், அதை மறைக்கவில்லை. ஆனாலும் பண்ணையிலும் கடையிலும் உங்கள் முதலீட்டையெல்லாம் நம்பி ஒப்படைத்திருப்பது அந்த அழுக்குத் துண்டிடம்தான். எங்களுக்கு விற்கும்போது மட்டும் ஏன் வேறொன்று?

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. ஒரு பாக்டீரியாக் கூட்டம் அதை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட்டை வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் சமாளித்துவிடலாம். இதை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் யார்? தலைமுறையாக மீன் பெருக்குகிறவர்கள் நீங்கள். ஆனால் வாங்க வருகிறவருக்கு இது தெரியாது. பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிய செராமிக் ரிங் வெறும் சுட்ட மண் என்பதும், அதில் அந்த இரண்டு கூட்டமும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்பதும் தெரியாது. மற்ற பாக்டீரியாக்கள் பல அரை மணிக்குள் இரட்டிப்பாகிவிடும். இவை நல்ல சூழலிலேயே முக்கால் நாள், ஒரு நாள் என்று எடுத்துக்கொள்ளும் சோம்பேறிகள். சமையல்கட்டைக் கட்டி முடித்துவிட்டு, சமையல்காரர் அடுத்த மாதம்தான் வருவார் என்று தெரிந்தும், இன்றைக்கே பந்தியில் ஆளை உட்கார வைப்பது போன்றது நீங்கள் செய்யும் வியாபாரம்.

நம் ஊர் இந்தத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும் ஊரும் அல்ல. அம்மோனியாவில் மீனைக் கொல்வது அதன் அயனி ஆகாத பகுதி. தண்ணீர் 30 டிகிரியில், பி.எச். 7-இல் இருந்தால் மொத்த அம்மோனியாவில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதே சூட்டில் பி.எச். 8 ஆனால் ஏழு சதவீதத்தைத் தாண்டிவிடும். சென்னையில் பல வீடுகளின் போர் தண்ணீர் பி.எச். எட்டை ஒட்டியே நிற்கிறது; ஏப்ரல், மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30-க்குக் கீழே இறங்குவதில்லை. குளிர் நாட்டுக்காரர் எழுதிய புத்தகத்தில் "கொஞ்சம் அம்மோனியா பரவாயில்லை" என்று இருந்தால், அந்தக் கொஞ்சம் நமக்குப் பத்து மடங்கு.

சூட்டில் இன்னொரு கஷ்டமும் உண்டு. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் வரை கொண்டுபோக நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். ஆக, மீனும் பில்டரும் ஒரே மூச்சுக்குப் போட்டி போடுகின்றன. காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் அந்த மூச்சையும் சேர்த்தே கொடுக்கிறது. மூடிய கேனிஸ்டர் பில்டருக்குள் விலை உயர்ந்த மீடியாவை நிரப்பிக் கொடுக்கிறீர்களே, மே மாத மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் உள்ளே என்ன நடக்கும் என்று வாங்குபவரிடம் சொன்னதுண்டா? தேங்கிய தண்ணீரில் பாக்டீரியா மூச்சு முட்டும். நீண்ட நேரம் கரண்ட் வராமல் இருந்துவிட்டு மறுபடி ஓடும்போது அந்த நாற்றத் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் கொட்டும். ஸ்பாஞ்ச் பில்டருக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் போதும். அதையும் நீங்கள்தான் விற்கிறீர்கள்.

இப்போது பொட்டலத்தின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பற்றி. லிட்டருக்கு இத்தனை நூறு சதுர மீட்டர் பரப்பு என்று போட்டிருப்பதை விரலால் சுட்டிக் காட்டி, அதற்காகவே மூன்று மடங்கு விலை என்கிறீர்கள். அத்தகைய கணக்கில், வாயு மூலக்கூறு நுழையும் துளைகூடப் பரப்பாகச் சேர்ந்துவிடும். பாக்டீரியாவின் அளவு ஏறத்தாழ ஒரு மைக்ரான். அதைவிடச் சின்னத் துளைக்குள் அது எப்படிக் குடித்தனம் செய்யும்? நுழைய முடிந்த துளையிலும், வாசலில் குடியேறியவை பிசின் போலப் படலம் கட்டி வழியை அடைத்துவிடும். உள்ளே ஆக்சிஜன் போகாது. ஆறு மாதம் ஓடிய பில்டரிலிருந்து ஒரு ரிங்கை எடுத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேலே பழுப்புச் சேறு, அதற்கடியில் வழவழப்பு, உடைத்தால் உள்ளே புதுசு போல வெள்ளை. அந்த வெள்ளைக்குத்தான் நாங்கள் காசு கொடுத்தோம்.

எவ்வளவு பரப்பு உண்மையில் வேண்டும் என்று மீன்பண்ணைக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நாற்பது சதவீதப் புரதம் உள்ள தீவனம் ஒரு கிராம் போட்டால், சுமார் 35 முதல் 40 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். பண்ணை பில்டரில் ஒரு சதுர மீட்டர் படலம் நாளொன்றுக்குச் சில நூறு மில்லிகிராமைத் தின்றுவிடும். வீட்டுத் தொட்டியில் அம்மோனியா மிகக் குறைவாக இருப்பதால் வேகமும் குறையும். நூறுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கிராம் தீவனத்துக்கு அரை சதுர மீட்டர் போதும். கே1 என்று நீங்கள் விற்கும் சக்கரம் போன்ற பிளாஸ்டிக் மீடியா, நார்வேயில் கழிவுநீர் சுத்திகரிப்புக்காக உருவானது. அதன் பரப்பு லிட்டருக்கு வெறும் அரை சதுர மீட்டர். நூறுகளில் பேசும் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்த அரை மீட்டரை நம்பித்தான் ஊர் ஊராகக் கழிவுநீரைச் சுத்திகரிக்கிறார்கள். எட்டு கப்பி இருக்கும் வீட்டில் நாளைக்கு ஒரு கிராம் தீவனம் போட்டால், பிரச்சினை மீடியாவில் இல்லை, போடுகிற கையில்.

பாக்டீரியாவின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது சாப்பாடு, அதாவது அம்மோனியா. சாப்பாடு பத்துப் பேருக்குத்தான் என்றால், மண்டபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பத்துப் பேர்தான் இருப்பார்கள். ஆகவே மீடியாவைத் தேர்ந்தெடுக்கும்போது வாடிக்கையாளருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது, அது அடைத்துக்கொள்ளாமல் தண்ணீர் ஓடவிடுமா, எளிதாகக் கழுவ முடியுமா, கழுவியபின் கூட்டம் பிழைத்திருக்குமா என்பதுதான். சதுர மீட்டர் கடைசிக் கேள்வி.

அந்தக் கழுவும் விஷயத்தில் உங்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. "மாசம் ஒருவாட்டி பஞ்சையும் மீடியாவையும் நல்லா குழாய்ல அலசுங்க, அழுக்கு போகலைன்னா புதுசு வாங்கிக்கோங்க." இந்த வாக்கியத்தை நான் ஒரே சாலையில் வெவ்வேறு கடைகளில் கேட்டிருக்கிறேன். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கிறது. மீனுக்காக ஆன்டி குளோரின் போடச் சொல்லும் நீங்கள், மீனைக் காப்பாற்றும் பாக்டீரியாவை அதே குளோரினில் குளிப்பாட்டச் சொல்கிறீர்கள். ஒரு மாதம் பாடுபட்டு வளர்ந்த கூட்டத்தைக் குப்பையில் போட்டுவிட்டு வெள்ளைப் பஞ்சு வாங்கி வைத்தால், தொட்டி மறுபடியும் முதல் நாள் தொட்டி. மூன்றாம் நாள் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். உங்களுக்குப் போன் வரும். "வைரஸ் சார்" என்பீர்கள்.

அடுத்து வரும் நீல மருந்தும் அதே கதை. மெத்திலீன் புளூ பூஞ்சைக்கு நல்ல மருந்து, தனி வாளியில் வைத்துக் கொடுத்தால். ஓடுகிற பில்டர் உள்ள தொட்டியில் ஊற்றினால் நைட்ரேட் ஆக்கும் வேலை முடங்கும். கல் உப்பு போடச் சொல்வீர்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. நைட்ரைட் ஏறிய தொட்டியில் உப்பின் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் புகுவதைத் தடுக்கும். அது உங்கள் அனுபவ வைத்தியம், சரியான வைத்தியம். ஆனால் அதே பில்டருக்குள் அம்மோனியாவை உறிஞ்சும் சியோலைட் பொட்டலத்தையும் நீங்களே வைத்துக் கொடுத்திருந்தால்? உப்புத் தண்ணீர் பட்டதும் சியோலைட் பிடித்துவைத்திருந்த அம்மோனியாவைத் திருப்பி விட்டுவிடும். அதைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் வழியே உப்புநீரில் ஊறவைப்பதுதான்.

"அதுக்குத்தான் சார் பாக்டீரியா பாட்டில் இருக்கே" என்பீர்கள். அந்தப் பாட்டிலைப் பற்றியும் பேசிவிடுவோம்.

நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் நெடுங்காலம் மீன் வளர்ப்புப் புத்தகங்கள் எழுதிவந்தன. 1996-இலும் 1998-இலும் டிமத்தி ஹோவானெக்கும் அவர் குழுவினரும் நன்னீர்த் தொட்டிகளைச் சோதித்தபோது, அங்கே வேலை பார்த்தது நைட்ரோஸ்பைரா வகை என்று தெரிந்தது. 2011-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நன்னீர்த் தொட்டி பில்டர்கள் பலவற்றில் அம்மோனியாவைத் தின்பவை பெரும்பாலும் பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்னும் வேறு இனம் என்று காட்டினார்கள். 2015-இல் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஒன்று கிடைத்த இடம் மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த பில்டர். இருபது வருஷத்துக்குள் ஆள் யார் என்பதே மூன்று முறை மாறிவிட்டது.

பாட்டிலில் எந்த ஆள் இருக்கிறார்? பல பொடிகளிலும் திரவங்களிலும் இருப்பது பேசில்லஸ். அது சேற்றைத் தின்னும், நல்ல பிள்ளை. அம்மோனியாவை நைட்ரேட் ஆக்குவது அதன் தொழில் இல்லை. பேசில்லஸ் விதை போல உறங்கிக் கிடக்கும், அதனால் அலமாரியில் தாங்கும். உண்மையாக அம்மோனியா தின்பவற்றுக்கு அந்த உறக்கம் தெரியாது. அவை உயிரோடு உள்ள நல்ல பாட்டிலே வந்திருந்தாலும், லாரியில் வெந்து, உங்கள் கடை வாசலில் வெயில் படும் அலமாரியில் எத்தனை மாதம் நின்றது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் உங்கள் பின்பக்கத் தொட்டியில் ஓடும் ஸ்பாஞ்சுக்கு இந்த வம்பே இல்லை. உள்ளே இருப்பது பாக்டீரியாவோ ஆர்க்கியாவோ, பெயர் நாளைக்கு மாறட்டும்; கொளத்தூர் தண்ணீரில், கொளத்தூர் சூட்டில், மீனைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது எதுவோ அது முழுசாக அந்தத் துண்டில் இருக்கிறது.

மற்ற மீடியாக்களை விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கே1 நல்ல பொருள், ஆனால் காற்றில் சுழன்றால்தான். டாப் பில்டருக்குள் திணித்துக் கொடுத்தால் வெறும் பிளாஸ்டிக் துண்டு. பயோ பால் தண்ணீர் மேலிருந்து சொட்டி வழியும் பெட்டிக்காக வந்தது. சின்ன பில்டருக்குள் முழுக வைத்தால் இடம்தான் வீண். லாவா ராக் மலிவு, கரடுமுரடு, சம்ப் வைத்திருப்பவருக்கு ஏற்றது. செராமிக்கும் கண்ணாடி நுரை மீடியாவும் கேனிஸ்டரில், முன்னால் கரடான ஸ்பாஞ்ச் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்படி வைத்தால், வருஷக்கணக்கில் உழைக்கும். முன்னால் ஸ்பாஞ்ச் இல்லாமல் ரிங் மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரும் மீடியாவாக உதவும்; சோப்பு போடாத புதுசு மளிகைக் கடையில் கிடைக்கிறது. அதில் உங்களுக்கு லாபம் இல்லை என்பதால் அதைப் பற்றி நீங்கள் வாய் திறப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் விற்காதீர்கள் என்று உறுதியாகவே சொல்வேன். சில இடங்களில் கேனிஸ்டருக்குள் போட வெள்ளைப் பவளத் துண்டு கொடுக்கிறார்கள். 2001-இல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அது. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த துண்டு என்றால் செத்தது, கரையில் பொறுக்கியது என்ற சாக்கும் செல்லாது. அதோடு, ஏற்கெனவே கடினமான நம் போர் தண்ணீருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றித் தொட்டி வைப்பவருக்குத்தான் காரம் குறையும்: ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது, அது தீர்ந்தால் பி.எச். சரிந்து பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். அவருக்கு வழி போர் தண்ணீரைக் கொஞ்சம் கலக்கச் சொல்வதுதான், பவளம் இல்லை.

உங்கள் பக்க நியாயமும் எனக்குக் காதில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் குழந்தை, தொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு மீன் இல்லாமல் வீட்டுக்குப் போகாது. "ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று நீங்கள் சொன்னால், பக்கத்துக் கடையில் இன்றைக்கே கொடுப்பார்கள். ஸ்பாஞ்சில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் டீச்செலவுக்கு ஆகாது. பொட்டல மீடியாவில்தான் கடை வாடகை வருகிறது. ஆன்லைனில் விலையைப் பார்த்துக்கொண்டே பேரம் பேசும் என் போன்றவர்களும் உங்கள் தலைவலி. இதையெல்லாம் மறுக்க முடியாது. அதனால்தான் உங்களைத் தியாகம் செய்யச் சொல்லாமல், விற்கச் சொல்கிறேன்.

பின்பக்கம் ஒரு தொட்டியை இதற்கென்று ஒதுக்குங்கள். அதில் புதிதாக வந்திறங்கும் சரக்கை ஒருபோதும் விடாதீர்கள். வெள்ளைப் புள்ளி நோயும் புழுவும் ஸ்பாஞ்சோடு வீட்டுக்குப் போய்விடும் என்பது நியாயமான பயம். நோயில்லாத மோலிகள், நிரந்தரமாக அங்கேயே வாழ்பவை, நன்றாகத் தின்று கழிக்கட்டும். அந்தத் தொட்டியில் விற்பனைக்கான ஸ்பாஞ்ச் பில்டர்களைக் காற்றில் ஓடவிடுங்கள். ஒன்றரை மாதம் ஓடியதை எடுத்து, அதே தண்ணீரோடு பையில் போட்டு, காற்று விட்டுக் கட்டி, புதுசைவிட ஐம்பதோ நூறோ அதிகம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். எந்த ஆன்லைன் கடையும் இதைக் கொடுக்க முடியாது. உலர்ந்தால் உயிர் போய்விடும் பொருளைக் கூரியரில் யார் அனுப்புவார்? உங்கள் கடையிலிருந்து அம்பத்தூருக்கோ பெரம்பூருக்கோ ஒரு மணி நேரத்தில் போய்விடும். போனதும் பில்டரை மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக் கொடுத்தால் குழந்தை மீன் இல்லாமல் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் பன்னிரண்டு கொடுக்காதீர்கள். சில மோலிகளின் கழிவில் வளர்ந்த கூட்டம் அந்த அளவுக்குத்தான் இருக்கும். மூன்று நாலு சின்ன மீன், ஒரு மாதம் கழித்து இன்னும் நாலு. தங்கமீனைக் கேட்டால் அது அதிகம் கழிக்கும் மீன், பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள். மீதி எட்டு மீனின் வியாபாரம் போய்விடாது. அடுத்த மாதம் அதே குடும்பம் அதே கடைக்கு வரும், செத்த மீனின் கதையோடு வராமல் பணத்தோடு வரும்.

பில் எழுதும் தாளின் பின்பக்கம் இதை அச்சடித்துக் கொடுங்கள்: ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் மட்டும் பிழிய வேண்டும், குழாயில் கூடாது, பஞ்சையும் ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது, பிய்ந்து போகும் வரை ஸ்பாஞ்சை மாற்றவே கூடாது. அச்சடிக்க முடியாவிட்டால் வாயால் சொல்லுங்கள். டாப் பில்டர் கொடுக்கும்போது மேல் தட்டில் பஞ்சு, அதற்குக் கீழே மீடியா என்று நீங்களே வைத்துக் காட்டுங்கள். நேரெதிராக வைத்துக் கொடுத்த பெட்டிகளை எங்கள் குடியிருப்பிலேயே பிரித்து மாற்றியிருக்கிறேன்.

உங்களுக்குள் சங்கம் இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது, டீக்கடை பெஞ்ச் இருக்கிறது. ஒரே சாலையில் ஒருவர் மட்டும் "இன்னிக்கு நாலு மீன்தான்" என்று சொன்னால் அவருக்குத்தான் நஷ்டம்; நாலு பேர் சேர்ந்து சொன்னால் அது அந்தச் சாலையின் வழக்கம் ஆகிவிடும். ஊரெல்லாம் மீன் வாங்கக் கொளத்தூருக்கு வருகிறது. உங்கள் வார்த்தைக்குத் தமிழ்நாடு முழுக்க மீன் தொட்டிகளில் மதிப்பு உண்டு.

ஆகவே, அண்ணன்மார்களே, வருகிற வாரமே ஒரு தொட்டியைக் காலி செய்து ஸ்பாஞ்சுகளை ஓடவிடுங்கள். பழகிய முதல் ஸ்பாஞ்சை எனக்கு எடுத்துவையுங்கள். எங்கள் மாடியில் மூன்றாம் வீட்டுக்காரர் தொட்டி வாங்கப் போகிறாராம். அவரை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.